பிள்ளையைக் கேட்டார்களா?

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு மாணவி)

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குப் பங்கு பிரிப்பது புதிதன்று. கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீரைக் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பிரித்து விடுகிறார்கள். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். அண்ணன் தம்பி பிரிந்தால் நிலத்தை மா கணக்கில் அளந்து வரப்புப் போடுகிறார்கள். ஆனால் கணவனும் மனைவியும் பிரிந்தால் பிள்ளையை எப்படிப் பங்கிடுவது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 9 வயதில் ஊர் நடுவே நிறுத்தி என்னிடமே கேட்கப்பட்ட கேள்வி இது.

கல்லூரி மலரில் என் சொந்தக் கதையை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் என் தயக்கத்தைச் சொன்னபோது, “உனக்கு மட்டும் நடந்ததென்றால் எழுத வேண்டாம். வேறு பிள்ளைகளுக்கும் நடப்பதென்றால் எழுது” என்றார். தாயிடம் மட்டுமோ தந்தையிடம் மட்டுமோ வளர்ந்த மாணவ மாணவியர் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். ஆகவே எழுதத் துணிந்தேன். ஊர்ப் பெயரையும் உறவினர் பெயர்களையும் மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

அரசமரத்தடியில்

என் தந்தையார் வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். ஆறு மா என்பது இரண்டு ஏக்கர். தாயார் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குடமுருட்டிக் கரையில் பிறந்தவர். இருவருமே பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். இரு வீட்டாரிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது அவர்களுடைய கதை. இருவரும் நல்லவர்கள், என்மீது உயிரையே வைத்திருப்பவர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நல்லவர்கள் இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாமல் போவதும் உலகில் நடப்பதுதானே!

அப்போது எனக்கு 9 வயது, தம்பிக்கு 3 வயது. சம்பா அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்த மாசி மாதம். பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் பாய் விரித்து இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நகை, பாத்திரம், பசுமாடு பற்றிய பேச்சு முதலில் முடிந்தது. கடைசியில் பிள்ளைகள் பேச்சு வந்தது. தம்பி சின்னவன், தாயிடமே இருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

“பாப்பா, பயப்படாம சொல்லு. நீ அம்மாகூடப் போறியா, அப்பாகூட இருக்கியா?”

நாற்பது பேராவது என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோயில் படியோரம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே தனியாக, தோள் துண்டை இரு கைகளாலும் முறுக்கியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவுக்குத் தம்பி இருக்கிறான். அப்பாவுக்கு யாரும் இல்லை. ஆளுக்கு ஒருவர் என்றால்தான் பங்கு சரியாகும்.

“அப்பாகூட இருக்கேன்” என்றேன்.

“பிள்ளையே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?” என்று சொல்லி ஒரு பெரியவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். அம்மா அழவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் சரியான விடையைச் சொல்லிவிட்டதாகவே நினைத்திருந்தேன். அம்மா ஏன் அப்படிப் பார்த்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

பின்னர் நீதிமன்றத்தில் இருவரும் சம்மதித்து மணவிலக்குப் பெற்றபோதும் இதே ஏற்பாடுதான் எழுதப்பட்டது. மகள் தந்தையிடம், மகன் தாயிடம்.

சொன்ன சொல்

அப்பாயி உயிரோடு இருந்தவரையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தலை வாரிப் பின்னிவிடுவதும் பழைய சோற்றைப் பிசைந்து கொடுப்பதும் பேருந்து நிறுத்தம் வரை வந்து விடுவதும் அப்பாயிதான். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாயி இறந்துவிட்டார். நாற்றுப் பறிக்கும் நாளில் அப்பா விடியற்காலை நான்கு மணிக்கே வயலுக்குப் போய்விடுவார். முறைத் தண்ணீர் வந்தால் இரவெல்லாம் மடையடியில் நிற்பார். வீட்டில் உலை வைப்பது என் வேலையாயிற்று.

என்னைப் பள்ளியை விட்டு யாரும் நிறுத்தவில்லை. ஒரு நாள் சோறு வடித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. மறுநாள் நடவு ஆட்களுக்குத் தேநீர் போட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எனக்கே போகத் தோன்றவில்லை. இப்படியே ஓர் ஆண்டு கழிந்தது. இரண்டாம் ஆண்டு மாணவியாகிய எனக்கு 20 வயதாகிவிட்டதன் காரணம் இதுதான்.

அம்மாவிடம் போய்விடலாம் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றாத நாள் இல்லை. ஆனால் ஊரறியச் சொன்ன சொல் அல்லவா? கேட்டார்கள், சொன்னேன், முடிந்தது. இனி அதை மாற்றக் கேட்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்று நம்பினேன். பெரியவர்கள் தங்கள் முடிவை என் வாயால் சொல்ல வைத்துவிட்டு, அதன் பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கிற்று.

அம்மா அப்போது தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தையல் வேலை செய்துவந்தார். நான் பள்ளிக்குப் போகாத செய்தி யார் மூலமோ அவர் காதுக்கு எட்டியது. நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, அங்கே போய் மனுக் கொடுத்தார். பழைய ஏற்பாட்டை மாற்றி மகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மனு.

நீதிபதியின் அறையில்

எனக்கு 13 வயது நடந்தபோது நீதிபதி என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் ஒரு பெண்மணி. அப்பாவையும் அம்மாவையும் வழக்கறிஞர்களையும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தச் செய்தார். மீண்டும் அதே கேள்விதான் வரப்போகிறது என்று என் கைகள் நடுங்கின. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

“காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?” என்று கேட்டார். யார் சமைப்பார்கள், ராத்திரி பயமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவாய், உடம்பு சரியில்லாவிட்டால் யாரிடம் சொல்வாய், பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கணக்குப் பாடம் என்றேன். கடைசியாக எந்தக் கணக்குப் போட்டாய் என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தைகளை என் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன்.

“உன் மனசுல உள்ளதைச் சொன்னாப் போதும். முடிவு பண்றது என் வேலை. யாருக்காவது கோபம் வந்தா என்மேல வரட்டும், உன்மேல வர வேண்டாம்.”

படிக்க வேண்டும், அம்மாவிடம் இருக்க வேண்டும், அப்பாவையும் பார்க்க வேண்டும் என்று மூன்றையும் சொன்னேன். மூன்றும் நடந்தது. நான் அம்மாவிடம் இருப்பது, மாதத்தில் இரண்டு சனி ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையில் பாதியும் அப்பாவிடம் செல்வது என்று உத்தரவாயிற்று.

அன்று அப்பா என்னோடு பேருந்து நிலையம் வரை வந்தார். வழியில் ஒரு கடைக்குள் போய்த் திரும்பி வந்து ஒரு ஜாமிதிப் பெட்டியை என் கையில் வைத்தார். “எட்டாங் கிளாசுக்கு இது வேணும்னு கடைக்காரர் சொன்னாரு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கரந்தைக்கு வந்த பின் ஒரு நாள் இரவு, தைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை ஏன் வேண்டாம்னு சொன்னே?”

“உன்னை வேண்டாம்னு சொல்லலம்மா. உன்கிட்ட தம்பி இருந்தான். அப்பாகிட்ட யாரும் இல்ல. அதனாலதான்.”

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போட்ட ஒரு சிறு கணக்கு, என் தாயின் நெஞ்சில் நான்கு ஆண்டு காலம் முள்ளாக இருந்திருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று அன்று ஒருவராவது என்னைக் கேட்டிருந்தால் அந்த முள் தைத்திருக்காது.

சட்டம் சொல்வது என்ன?

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. பேச வந்த வழக்கறிஞரிடம், “பிள்ளையின் விருப்பத்தால் நீதிமன்ற ஏற்பாடு மாறுமா?” என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கொண்டும் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைக் கொண்டும் எனக்கு விளங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, சிறாரின் நலத்தை முன்வைத்தே காப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. அறிவோடு விருப்பத்தை உருவாக்கிக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருந்தால், அவ்விருப்பத்தையும் நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. எத்தனை வயது என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஏழு வயதில் தெளிவாகப் பேசும் பிள்ளையும் உண்டு, பதினைந்து வயதிலும் தடுமாறும் பிள்ளையும் உண்டு அல்லவா? அதை அறிந்துகொள்வது நீதிபதியின் பொறுப்பு.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில், பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றைப் பற்றிய உத்தரவுகள் இயன்றவரை அவர்கள் விருப்பத்துக்கு இசைந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த உத்தரவுகளை அவ்வப்போது மாற்றவும் அது வழி செய்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். எந்த வயதானாலும் குழந்தையின் நலமே தலையாயது என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது.

என் போன்றோருக்கு மிகவும் பயனுள்ள தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் அளித்தது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்று அதில் நீதிமன்றம் எடுத்துரைத்தது. பிள்ளையின் பொறுப்பைப் பற்றிய உத்தரவு எதுவும் இயல்பிலேயே தற்காலிகமானது. காலமும் சூழ்நிலையும் மாறும்போது பிள்ளையின் நலத்துக்காக அதை மாற்றலாம் என்பதும் அத்தீர்ப்பே. ஊரறியச் சொன்ன சொல் என்று நான் நான்கு ஆண்டுகள் சுமந்த பாரத்தை, நான் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் இறக்கி வைத்திருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடையாற்றுச் சகோதரர்கள்

நூலகத்தில் தேடும்போது நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு பழைய வழக்கும் கண்ணில் பட்டது. ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிந்தனையாளரை நம்மில் பலர் அறிவோம். 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். தாயை இழந்த அவரும் தம்பி நித்யானந்தாவும், தந்தை ஜிட்டு நாராயணய்யாவுடன் 1909இல் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்தார்கள். 1910 மார்ச்சில் பிள்ளைகளின் காப்பாளராக அன்னி பெசன்ட் அம்மையாரை ஏற்றுத் தந்தையார் எழுதிக் கொடுத்தார். அம்மையார் அவர்களைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் மனம் மாறிய தந்தையார், பிள்ளைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று 1912இல் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தந்தையார் தரப்பில் சி. பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் அம்மையார் தோற்றார். பிறகு வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1914 மே மாதம் தீர்ப்பு தலைகீழாக மாறியது. இங்கிலாந்தில் இருந்த அந்தப் பிள்ளைகள் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவே இல்லை; அவர்கள் விருப்பம் கேட்டறியப்படவும் இல்லை; இந்தியாவுக்குத் திரும்ப விரும்பாத அப்பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஆணையிட்டது சரியன்று என்று பிரிவி கவுன்சில் கருதியது.

அத்தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைத்த தந்தை அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் பிள்ளையின் வாழ்க்கை புதிய இடத்தில் ஊன்றிப்போய், திரும்பப் பெறுவதே பிள்ளைக்குத் தீங்காகும் என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்பதே அது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட பயிர் வேர் பிடித்துவிட்டால், அதை மறுபடி பிடுங்குவதற்கு எந்த விவசாயியும் துணிய மாட்டான்.

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. சென்னையில் பெரிய வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் மாதக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். யாரைப் பற்றி வாதாடினார்களோ அவர்களைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் அரசமரத்தடியில் கேட்டார்கள். ஆனால் கேட்டவிதம் தவறு. அங்கே கேட்கவே இல்லை.

கிளிப்பிள்ளைப் பேச்சா?

பிள்ளை சொல்வதையெல்லாம் அப்படியே செய்துவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. யாரிடம் வளர்கிறதோ அவர் சொல்லிக் கொடுத்ததைக் கிளிப்பிள்ளை போலப் பிள்ளை சொல்லக் கூடும். தந்தையிடமே வளர்ந்த 8 வயதுச் சிறுமி ஒருத்தி தந்தையிடமே இருக்க விரும்பினாள். தாயின் அரவணைப்பை உணரும் வாய்ப்பே இல்லாமல் உண்டான விருப்பம் அது என்று எண்ணிய உச்ச நீதிமன்றம், அவளைத் தாயிடம் ஒப்படைக்கும்படி 2017இல் தீர்ப்பளித்தது. 2008இல் வேறொரு வழக்கில், தாயை இழந்து தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த சிறுவனின் விருப்பத்தைக் கீழ் நீதிமன்றங்கள் கேட்டறியாததை அதே உச்ச நீதிமன்றம் குறையாகச் சுட்டியது. நீதிபதிகளே அவனைத் தம் அறைக்கு அழைத்துப் பேசி, தாத்தா பாட்டியிடமே இருக்கச் செய்தார்கள்.

முதல் வழக்கில் பிள்ளையின் விருப்பம் ஏற்கப்படவில்லை. இரண்டாவதில் ஏற்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. விருப்பம் என்பது கணக்கின் விடை அன்று. கணக்கில் தரப்பட்ட விவரங்களுள் ஒன்று. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தவறாகிவிடும். அதையே விடையென்று எழுதிவிட்டாலும் தவறாகிவிடும். இந்தப் பாடத்தை நான் சட்டத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. சென்ற கோடையில் என் தம்பியிடமிருந்தும் கற்றேன்.

தம்பியின் கணக்கு

தம்பிக்கு இப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். கோடை விடுமுறையில் என்னோடு அப்பாவிடம் போய் வந்தவன், இனி அங்கேயே இருக்கப் போவதாகப் பிடிவாதம் பிடித்தான். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

“சின்னப் பயதானே. அந்தப் பழைய டிவிஎஸ் வண்டிய ஓட்ட விடுறாரு. அதுக்கு மயங்கிட்டான். நீயே சொல்லு அவனுக்கு” என்றார் என்னிடம்.

எனக்கு நீதிபதியின் அறை நினைவுக்கு வந்தது. மாலையில் அவனை வடவாற்றுப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். போகலாமா கூடாதா என்று நான் பேசவே இல்லை. அப்பா வீட்டில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், பள்ளிக்கு எப்படிப் போவாய், ராத்திரி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாற்றங்காலுக்கு விதை தெளித்ததைப் பற்றியும் வண்டி ஓட்டியதைப் பற்றியும் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தவன், ராத்திரி என்றதும் நின்றுவிட்டான்.

“அப்பா தனியா உட்கார்ந்து சாப்பிடுறாருக்கா. ரேடியோவப் போட்டுட்டுத் தூங்கிடுறாரு. அம்மாவுக்கு நீ இருக்கே. அப்பாவுக்கு யாரு இருக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 9 வயதில் நான் போட்ட அதே கணக்கு! அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். வண்டியும் வயலும் மேலே தெரிந்தவை. அடியில் கிடந்தது இந்தக் கணக்கு. பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் யாருக்கும் தெரியாமல் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் போலும்.

அன்றிரவு அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு என் கைப்பேசியை வாங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாகத் தாமே அப்பாவுக்குப் பேசினார். எதிர்முனையில் அப்பா சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“எனக்காக அவன் வர வேண்டாம். அவனுக்குப் பிடிச்சு வரதுன்னா வரட்டும். நான் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அதுக்காக அவன் படிப்பக் கெடுத்துக்க வேண்டாம்.”

தம்பி அழுதான். பிறகு மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை தம்பி அம்மாவிடமே இருப்பான். ஆனால் ஒவ்வொரு சனி ஞாயிறும், நடவு அறுவடைக் கால விடுமுறைகளிலும் அப்பாவிடம் போவான். தேர்வு முடிந்ததும் அவனை மீண்டும் கேட்பார்கள். அப்போதும் அங்கே போக விரும்பினால் இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் மனுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். ஆகத் தம்பியின் விருப்பம் இந்த ஆண்டு முழுவதுமாக நிறைவேறவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போகும்போது அவன் முகத்தில் குறை தெரியவில்லை. தான் சொன்னதைக் கேட்டார்கள், ஏன் இப்படி முடிவு செய்தார்கள் என்பதையும் தனக்குச் சொன்னார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு 9 வயதில் கிடைக்காதது அது.

முடிவாக

பிள்ளையின் விருப்பத்தால் ஏற்பாடு மாறுமா என்று தொடங்கினேன். மாறும். என் வாழ்க்கையே அதற்குச் சான்று. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த விருப்பத்தைக் கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே கேட்டால் பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லாது. யார் அதிகமாக வாடியிருக்கிறாரோ அவர் பெயரைச் சொல்லும். ஒரே முறை கேட்டுவிட்டு அதுவே சாசனம் என்றால், 9 வயதுச் சொல்லை 13 வயதும் சுமக்க வேண்டி வரும். முடிவையே பிள்ளையின் வாயில் வைத்தால், பெரியவர்களின் குற்றம் பிள்ளையின் குற்றமாகிவிடும்.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் 12ஆம் பிரிவில் கூறுகிறது. நம் நாடு 1992இல் அதில் இணைந்தது. உலக நாடுகள் கூடி எழுதிய இச்செய்தி எங்கள் ஊர் அரசமரத்தடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் படித்த நாம்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாவோம். சிலர் வழக்கறிஞர்களாவோம். ஊருக்குத் திரும்பினால் படித்த பிள்ளை என்று நம்மையும் பாயில் உட்கார வைத்து நியாயம் கேட்பார்கள். அப்போது ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி, “அம்மாவா, அப்பாவா?” என்று யாராவது கேட்கத் தொடங்கினால், தயவு செய்து எழுந்து நின்று தடுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துக்கொண்டு போய், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேளுங்கள். மீதியை அதுவே சொல்லும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் அந்த வீட்டாருக்குச் சொல்லுங்கள். என் தாயாருக்கு அதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கல்லூரி மலரில் என் கட்டுரை வந்திருக்காது.

வரும் சனிக்கிழமை தம்பியோடு நானும் ஊருக்குப் போகிறேன். சம்பா கதிர் பிடித்துவிட்டது என்று அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மா அவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறார்.